கேட்காமல் நிரப்பிய படிவம்

பேருந்து நிறுத்தத்தின் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சின்னவள் மடியிலிருந்த படிவக் கட்டை எண்ணினாள். நாற்பத்தொன்று. இன்னொரு தடவை எண்ணினாள். எத்தனை தடவை எண்ணினாலும் நாற்பத்தொன்று நாற்பத்திரண்டாக மாறப் போவதில்லை. மணி மூன்று. ஐந்து மணிக்குள் கட்டை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இரண்டு குதிகாலும் கொப்புளித்துப் போயிருந்தன.

வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் சின்னவள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாற்பத்தோரு வயதாகி, தோளுக்கு மேல் வளர்ந்த மகள் இருந்தும் அந்தப் பெயர் போகவில்லை. நான்கு வருடமாக ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் களப்பணி. ஒவ்வொரு வருடமும் குலுக்கல் முறையில் வீடுகளையும் வீட்டுக்கு ஒருவரையும் தேர்ந்தெடுத்து, மக்கள் மனசளவில் எப்படி இருக்கிறார்கள், யாரோடு பழகுகிறார்கள், எதை நினைத்துத் தூக்கம் கெடுகிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வர வேண்டும். முப்பது கேள்விகள். கையில் டேப்லெட் தருகிறோம் என்று இரண்டு வருடமாகச் சொல்கிறார்கள். இன்னும் காகிதமும் பேனாவும்தான்.

அந்தக் கேள்விகள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். முதல் கேள்வி ஏணிக் கேள்வி. பத்துப் படி உள்ள ஓர் ஏணி. உச்சிப்படி நீங்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, தரை மிக மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? பதினான்காம் கேள்வி, சங்கடம் என்று வந்தால் நம்பிக் கூப்பிட உங்களுக்கு ஒருவர் இருக்கிறாரா? பத்தொன்பதாம் கேள்வி, போன ஏழு நாட்களில் யாரிடமாவது மனம்விட்டுப் பேசினீர்களா? இதையெல்லாம் முன்பின் தெரியாத வாசலில் நின்று கேட்பது முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியதில்தான் ஆபத்தும் இருந்தது.

மீதமிருந்த அந்த ஒரு வீடு அவளுடைய சொந்த அக்காவின் வீடு. குலுக்கலில் விழுந்துவிட்டது. உறவுக்காரர் வீடு வந்தால் வேறொருவரிடம் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. மாற்றிக் கொடுக்க நினைத்து, மறந்து, கடைசி நாள் வரை இழுத்துவிட்டாள். அக்கா வீட்டுக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். பாட்டில்களில் குளிர்பானம் நிரப்பும் ஆலையில் அவளுக்கு வேலை. ஆறு மணிக்கு முன்னால் வீட்டில் இருக்க மாட்டாள்.

போன வாரத்துக்கு முந்தைய வாரம்தான் அக்கா வீட்டில் எல்லாரும் கூடிச் சாப்பிட்டார்கள். அக்காவுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். அன்றைக்கும் வாய் ஓயவில்லை. ஆலையில் மேஸ்திரி நடப்பதைப் போல நடந்து காட்டி, அவர் கொட்டாவி விடுவதைப் போலக் கொட்டாவி விட்டு, இரண்டு மணி நேரம் எல்லாரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தாள். அக்காவைப் பற்றி அக்காவைவிட எனக்கு நன்றாகத் தெரியும், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று சின்னவள் நினைத்தாள். பேனாவைத் திறந்தாள்.

ஏணியில் எட்டு. கூப்பிட ஆள்? ஆம். மனம்விட்டுப் பேசினாரா? ஆம் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே குறித்தாள். அக்கா பேசாமல் இருந்தால்தான் செய்தி. கடைசியில், தனியே கிழித்து வைக்கும் சம்மதச் சீட்டில் கையெழுத்து. பள்ளிக்கூட நாளில் தங்கையின் மதிப்பெண் அட்டையில் அம்மா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துக் காப்பாற்றியவள் அக்கா. இன்று கடனைத் தீர்த்த மாதிரி ஆயிற்று என்று தனக்குள் சிரித்துக்கொண்டே, அக்காவின் வளைந்த கையெழுத்தைச் சின்னவள் போட்டாள். மொத்தம் ஏழு நிமிடம். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கட்டு அலுவலக மேஜையில் இருந்தது.

பத்து வீட்டுக்கு ஒரு வீடு மறுசோதனைக்குப் போகும். வேறொருவர் அதே வீட்டுக்குப் போய் அதே கேள்விகளில் சிலவற்றைக் கேட்டு வருவார். அது சின்னவளுக்குத் தெரியாததில்லை. நாற்பத்திரண்டில் நான்கு, அந்த நான்கில் அக்கா வீடு வராது என்று ஒரு கணக்கு.

வந்துவிட்டது. பன்னிரண்டு நாள் கழித்து மேற்பார்வையாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். தலை நரைக்கத் தொடங்கிய, குரலை உயர்த்தத் தெரியாத பெண்மணி. மேஜையில் இரண்டு படிவங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. படிவத்தில் பெயர் இருக்காது, வீட்டு எண் மட்டும்தான். எண்ணைப் பார்த்ததுமே அது அக்கா வீடு என்று சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது.

மேற்பார்வையாளர் அதட்டவில்லை. முன்னதாக யாரும் வரவில்லை என்று அந்த வீட்டு அம்மா மறுசோதனைக்காரரிடம் சொல்லியிருப்பதாகவும், சில சமயம் மறந்துபோய் அப்படிச் சொல்வது உண்டு என்றும், அவள் போன நேரத்தில் வீட்டில் வேறு யாராவது இருந்து பதில் சொன்னார்களா என்றும் விசாரித்தார். அதாவது, தப்பித்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்தே வைத்தார். ஆமாம் மேடம், வீட்டுக்காரர் இருந்தார், அவர்தான் சொன்னார் என்று ஒரு வாக்கியம் சின்னவளின் வாயில் தயாராகிவிட்டது. அதைச் சொல்வதற்குள் மேற்பார்வையாளர் இரண்டாவது படிவத்தை அவள் பக்கம் திருப்பி, ஓரக் குறிப்பின் மேல் விரலை வைத்தார்.

மறுசோதனைக்காரருக்கு அச்சடித்தது போன்ற எழுத்து. 'இவருக்குக் காது கேட்கவில்லை. கேள்விகளை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிக் காட்டிக் கேட்டேன்.'

சின்னவள் அதை இரண்டு முறை படித்தாள். "வீட்டு நம்பர் மாறியிருக்கும் மேடம். இது வேற யாரோ. அந்த வீட்ல இருக்கறவங்க நல்லா பேசுவாங்க."

"பேசுவாங்கம்மா," என்றார் மேற்பார்வையாளர். "கேக்காதுன்னுதான் எழுதியிருக்கு."

அந்த அறையில் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் சட்டென்று பெரிதாகக் கேட்பது போல இருந்தது அவளுக்கு. கண் தானாகவே படிவத்தின் மேலே ஓடியது. ஏணியில் மூன்று. மனம்விட்டுப் பேசினீர்களா, இல்லை. பதினான்காம் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு அடித்தல், அதன் கீழ் இன்னொரு குறிப்பு. 'முதலில் ஆம் என்று குறிக்கச் சொன்னார். சற்று நேரம் கழித்து அதை அடித்துவிடச் சொன்னார்.'

தயாராக இருந்த வாக்கியம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "அது என் அக்கா வீடு," என்றாள். "நான் போகவே இல்ல மேடம். பஸ் ஸ்டாப்ல உக்காந்து நானே எழுதினேன்."

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இது மாதிரி வேறு எத்தனை என்று கேட்டார். போன மாதம் பூட்டிக் கிடந்த இரண்டு வீடுகளுக்கும் அப்படித்தான் எழுதியதாகச் சின்னவள் ஒப்புக்கொண்டாள். அதற்குப் பிறகு பேச்சு நீளவில்லை. அவள் போன அத்தனை வீடுகளுக்கும் வேறு ஆட்கள் திரும்பப் போக வேண்டும். அதுவரை அவளுக்குக் களப்பணி கிடையாது. வேலையில் வைத்திருப்பதா வேண்டாமா என்று பிறகு பார்க்கலாம். இதையெல்லாம் அவர் கோபமில்லாமல் சொன்னதுதான் சின்னவளுக்குத் தாங்கவில்லை.

"இந்தப் பதில்களை வெச்சுத்தான் எந்தத் தெருவுக்கு என்ன உதவி வேணும்னு நகராட்சில முடிவு பண்ணுவாங்க," என்றார் கடைசியாக. "நீங்க எட்டுன்னு எழுதினா அந்தத் தெருவுக்கு யாரும் வர மாட்டாங்க. இன்னொண்ணு. இந்தப் படிவத்துல நீங்க படிச்சது எதுவும் இந்த ரூமைத் தாண்டக் கூடாது. உங்க அக்காகிட்டயும் சொல்லக் கூடாது. அவங்க நம்பிச் சொன்னது."

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. கடந்த ஒன்றரை வருடம் ஒவ்வொன்றாக எதிரே வந்து நின்றது. போன் அடித்தால் அக்கா எடுக்க மாட்டாள். வேலையில் இருக்கேன், மெசேஜ் பண்ணு என்று பதில் வரும். அக்காவுக்கு இப்போதெல்லாம் நம்மிடம் பேச நேரமில்லை என்று இவளாக ஒரு முடிவுக்கு வந்து, மனசுக்குள் கொஞ்சம் கோபித்துக்கொண்டு, போன் செய்வதையே குறைத்துக்கொண்டாள். அன்றைய விருந்தில்கூட, தன் கணவருக்குத் தொலைதூரத்துக்கு மாற்றல் வந்துவிடும் போலிருக்கிறது, பயமாக இருக்கிறது என்று அக்காவின் காதோரம் மெதுவாகச் சொன்னாள். அக்கா சிரித்த முகமாக, "நல்லது, நல்லது" என்றாள். சின்னவளுக்குச் சுருக்கென்றது. உன் கஷ்டம் எனக்கென்ன என்கிறாளாக்கும் என்று நினைத்து அத்தோடு எழுந்து போய்விட்டாள். ஊர் பேர் தெரியாத நூற்றுக்கணக்கான வாசல்களில் பதில் வரும் வரை நின்றவள், அக்காவிடம் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டுக்குப் போனாள். எப்போதும் கிளம்பும்போதே ஒரு மெசேஜ் போடுவாள். அக்கா வாசலிலேயே நின்றிருப்பாள். இன்று கதவைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். தள்ளிப் பார்த்தபோது திறந்துகொண்டது. முன்னறையில் அக்கா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள் சின்னவள். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கத்தியே கூப்பிட்டாள். அக்கா ஒரு தலையணை உறையை உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நிதானமாக மடித்துக் கீழே வைத்தாள். சின்னவள் போய்த் தோளைத் தொட்டாள்.

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். தங்கையின் முகத்தைப் பார்த்த அடுத்த நொடியே பேச்சு தொடங்கிவிட்டது. இப்படியா பூனை மாதிரி வர்றது, ஒரு மெசேஜ் போடக் கூடாதா, வீடு கிடக்கற கிடப்பைப் பாரு, உன் மாமா போன வாரம் லாரியோட கிளம்பினவர் இன்னும் எட்டு நாள் கழிச்சுத்தான் வருவார், பையனுக்கு ஹாஸ்டல்ல சாப்பாடு சரியில்லையாம், நீ ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்க... மூச்சு விடக்கூட இடைவெளி இல்லை. இத்தனை நாளும் இதைக் கலகலப்பு என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம் என்று சின்னவளுக்குத் தோன்றியது.

அவள் நாற்காலியை இழுத்து அக்காவுக்கு நேர் எதிரே போட்டு, முழங்கால் முட்ட உட்கார்ந்தாள். அக்காவின் கையிலிருந்த துண்டை வாங்கிக் கீழே வைத்தாள். "எப்படி இருக்க அக்கா?" என்று நிதானமாகக் கேட்டாள்.

"எனக்கென்னடி, ஜம்முனு இருக்கேன்." அக்கா மறுபடி துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

களப்பணிக்குச் சேர்ந்த முதல் வாரப் பயிற்சியில் ஒன்று சொல்லித் தருவார்கள். முதல் பதில் வாசலுக்கான பதில். கேள்வியைத் திரும்பக் கேளுங்கள், பதிலை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், பேசாமல் இருங்கள். வேலைக்காகக் கற்றுக்கொண்ட அந்த வித்தையை வீட்டு ஆளிடம் சின்னவள் இதுவரை பயன்படுத்தியதில்லை. இப்போது அதே கேள்வியை அதே நிதானத்தோடு மறுபடி கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்.

அக்காவின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் நின்றது, பிறகு எங்கே போவதென்று தெரியாதது போல மெல்ல நழுவியது. "யார் சொன்னா உனக்கு?" என்றாள்.

"யாரும் சொல்ல வேண்டாம். இப்ப உன் முதுகுக்குப் பின்னால நின்னு மூணு தடவை கூப்பிட்டேன். நீ திரும்பல."

அக்கா அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரவில்லை. கை மட்டும் மடியில் கிடந்த துண்டின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தது.

பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வலது காதில் ஆரம்பித்தது. குளித்துவிட்டு வந்தால் காதில் தண்ணீர் அடைத்துக்கொள்ளுமே, அது மாதிரி. இரண்டு நாளில் சரியாகும் என்று விட்டாள். பத்தொன்பது வருடமாக அந்தப் பாட்டில் வரிசையில் நிற்கிறாள். கண்ணாடியும் கண்ணாடியும் மோதும் சத்தத்தில் அங்கே எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் இடது காதும் குறைய ஆரம்பித்தது. ஏதாவது கோளாறு என்றால் வரிசையில் மணி அடிக்கும். இப்போது பக்கத்தில் நிற்பவளின் கை நிற்பதைப் பார்த்துத்தான் இவளும் நிற்கிறாள். சொன்னால் வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள். செவிடு என்று பேர் வைப்பார்கள். டாக்டரிடம் போனால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம்.

"நான் ஏன் நிறுத்தாம பேசறேன் தெரியுமா," என்றாள் அக்கா. "நான் பேசிட்டு இருக்கற வரைக்கும் யாரும் என்னை எதுவும் கேக்க மாட்டாங்க. கேட்டாத்தானே பதில் சொல்லணும்."

மாமாவோடு தினமும் சண்டை என்றும் சொன்னாள். மாதத்தில் ஆறு நாள் வீட்டில் இருக்கிற மனிதர். அந்த ஆறு நாளும், சொல்வதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை என்று இவள் மேல் எரிந்து விழுகிறார். அவரைத் திருப்பித் திட்டுவதுதான் இவளுக்குச் சுலபமாக இருந்தது. நிஜத்தைச் சொல்வது கஷ்டமாக இருந்தது.

"போன வாரம் ஒருத்தர் வந்தார்டி. என்னமோ ஆராய்ச்சின்னு. எனக்குக் கேக்கலன்னு அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டார். ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொரு கேள்வியா எழுதிக் காட்டி, நான் சொல்ற வரைக்கும் காத்துட்டு இருந்தார். யாரோ எவரோ. அவர் போனப்பறம் கதவைச் சாத்திட்டு அழுதேன். அதுல ஒரு கேள்வி, கஷ்டம்னா கூப்பிட யாராவது இருக்காங்களான்னு. ஆமான்னு சொன்னேன், உன்னை நெனச்சுத்தான். அப்புறம் யோசிச்சேன். போன் பண்ணா உன் குரல் எனக்குக் கேக்காது. நேர்ல வந்தா என் கதையைக் கேட்டுச் சிரிச்சிட்டு நீ போயிடுவ. எப்படிக் கூப்பிடறது? அதை அடிச்சிடுங்கன்னு சொல்லிட்டேன்."

சின்னவளால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. அவசர அவசரமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அழுகையில் உதடு கோணியதில் அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன, என்ன என்று தலையை முன்னால் நீட்டினாள். சின்னவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதினாள். நான்கே வரிகள். எழுதி முடிக்க வெகு நேரமாயிற்று.

'அவர் வருவதற்கு முன் உன் வீட்டுக்கு நான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உன்னைக் கேட்காமலே உன் படிவத்தை நான் நிரப்பினேன். ஏணியில் எட்டு என்று போட்டேன்.'

அக்கா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். அவள் திட்டுவாள் என்று சின்னவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எட்டா," என்றாள் அக்கா. தாளைப் பார்த்தபடியே இருந்தாள். "பரவாயில்லையே. எட்டு அளவுக்கு நடிச்சிருக்கேன்." அதைச் சொல்லும்போது அவள் குரல் தன் அளவை அறியாமல் உரக்க எழும்பி, நடுவில் உடைந்தது.  அதே துண்டை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"கோவம் இருக்கு," என்றாள் பிறகு. "இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ கேக்கலன்னு உன்னை மட்டும் சொல்லி என்ன பண்ண, நான் வாயைத் திறந்து சொன்னேனா? உலகத்துல இருக்கறதையெல்லாம் பேசினேன், இதைத் தவிர." தங்கையின் ஈரமான கையைப் பிடித்துத் தன் இடது காதுப் பக்கம் இழுத்தாள். "இந்தப் பக்கம் வந்து பேசு. கொஞ்சம் கேக்கும். அன்னைக்கு விருந்துல எங்கிட்ட என்னமோ சொன்னியே, உன் முகம் வாடிப் போச்சு. என்னது அது?"

சின்னவள் அந்த இடது காதோரம் குனிந்து, மாற்றலைப் பற்றியும் தன் பயத்தைப் பற்றியும் முதலிலிருந்து சொன்னாள். அக்கா நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதெல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மறு வாரம் இருவரும் காது மருத்துவரிடம் போனார்கள். வலது காது இனித் தேறாது, இடது காதுக்குக் கருவி வைத்தால் ஓரளவு கேட்கும் என்றார் அவர். கருவியைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்த முதல் நாள், இத்தனை சத்தத்தில் எப்படித்தான் உயிரோடு இருக்கிறீர்கள் என்று அக்கா கேட்டாள். ஆலையில் அக்கா பயந்தபடியே அவளை வரிசையிலிருந்து எடுத்தார்கள். மூன்று வாரம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தாள். சின்னவள் கூடவே போய்ப் பேசி, மருத்துவச் சீட்டுகளைக் காட்டி, கடைசியில் லேபிள் கிடங்கில் இடம் வாங்கினாள். அக்கா அங்கே ஒரு நல்ல காரியம் செய்தாள். வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் காதுப் பரிசோதனை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். பரிசோதித்ததில் இன்னும் ஐந்து பேருக்குக் கேட்பது குறைந்திருந்தது. ஐந்து பேரும் அதை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

மாமா லாரியை நிறுத்திவிட்டு வந்த அன்று சின்னவளும் அங்கே இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்த மனிதர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "சொன்னா கேக்க மாட்டேங்கறான்னுதான் நெனச்சேன்," என்றார். "கேக்கலன்னு ஒரு நாள்கூடத் தோணலையே." அதற்குப் பிறகு அவர் எதைச் சொல்வதானாலும் முதலில் அக்காவின் கையைத் தொட்டுவிட்டுத்தான் சொல்கிறார்.

நிலையத்திலிருந்து சின்னவளுக்கு அழைப்பு வர மூன்று மாதம் ஆயிற்று. அவள் வீடுகள் முழுவதும் திரும்ப எடுக்கப்பட்டிருந்தன. அந்த மூன்றைத் தவிர மற்றவை சரியாக இருந்ததாலும், அவளே ஒப்புக்கொண்டதாலும், இன்னொரு வாய்ப்புத் தருவதென்று முடிவாகியிருந்தது. ஒரு வருடத்துக்கு அவள் கொடுக்கும் படிவங்களில் பாதியை மறுசோதனை செய்வார்கள். கூட வேலை பார்த்தவர்கள் சிலர் அவளுக்காக அலைந்த அலைச்சலை மறக்கவில்லை. டீ குடிக்கக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். அதுவும் நியாயம்தான் என்று சின்னவள் அவர்களைக் குறை சொல்லவில்லை.

திரும்ப வந்த முதல் நாள், முதல் வீடு. ஒடுக்கமான மாடிப்படி, வாசலில் குடை காய்ந்துகொண்டிருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆள் கதவைத் திறந்தார். தட்டச்சு நிலையம் வைத்திருப்பவராம். குலுக்கலில் பதில் சொல்ல வேண்டியவராக விழுந்திருந்தது அவர் மனைவி. சின்னவள் அதை விளக்கிச் சொல்லி, அவரைக் கூப்பிடச் சொன்னாள்.

"அவளை எதுக்குங்க கூப்பிட்டுக்கிட்டு, உள்ள வேலையா இருக்கா," என்றார் அவர். "நானே சொல்லிடறேன். அவளுக்கு என்ன குறை? ஒன்பது போட்டுக்கங்க."

"எத்தனை வருஷமா சேர்ந்து இருக்கீங்க?"

"இருபத்தேழு வருஷம். அவளைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

சின்னவள் பேனாவை மூடவில்லை, எழுதவும் இல்லை. "நானும் இப்படித்தாங்க சொன்னேன்," என்றாள். "என் கூடப் பிறந்தவளைப் பத்தி எனக்குத் தெரியாதான்னு, அவளைக் கேக்காமலே எழுதினேன். எல்லாமே தப்பு. தெரியாதவங்களைக்கூட நாம நின்னு கேட்டுடறோம். கூடவே இருக்கறவங்களைத்தான், நமக்குத்தான் தெரியுமேன்னு கேக்காம விட்டுடறோம். பக்கத்துல இருக்கறதால யாரையும் தெரிஞ்சுக்க முடியாதுங்க. கேட்டாத்தான் தெரியும். கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் இருக்கணும்."

 அவர் அவள் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, என்னவோ ஏதோ என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சின்னவள் ஏணியைப் பற்றிச் சொல்லி, எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்டாள்.

அந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லை. கணவர் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். தானும் எதிரே உட்கார்ந்து, மனைவியின் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.